கழிமுகத்துக்குள் இருக்கும் மணற்கரை பாடப்புத்தகம் சொல்வதுபோல் பருவத்துக்குப் பருவம் மாறவில்லையே, ஏன்?

கரைக்கோடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கழிமுகம் ஒன்றின் உள்ளே இருக்கும் சிறிய மணற்கரையை முதுகலைத் திட்டப்பணிக்காக அளந்து வருகிறேன். ஆற்றுவாயிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் திறந்த கடலின் அலை இங்கே நேரடியாக வந்து மோதாது. கரையின் ஒரு முனையில் பாறைகள், மறுமுனையில் சதுப்புப் புல்வெளி.

படித்தது இதுதான்: அமைதியான பருவத்தில் நீண்டு தாழ்ந்த அலைகள் மணலைக் கரையேற்றி அகலமான மேடை கட்டும், கொந்தளிப்பான பருவத்தில் அதே மணல் கடலுக்குள் இழுக்கப்பட்டுத் திட்டாகக் கிடக்கும், அமைதி திரும்பினால் மணலும் திரும்பும். இங்கே நான் பார்ப்பது வேறு. காற்றுப் பருவத்தில் கரை முழுவதும் ஒடுங்கவில்லை, பாறைப் பக்கம் ஒடுங்குகிறது, புல் பக்கம் அகலமாகிறது. காற்றின் திசை மாறியபின் இதுவே தலைகீழாக நடக்கிறது. குறுக்குவெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் சரிவின் சாய்வு அப்படியே இருக்கிறது, கோடு மட்டும் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கிறது. சரிவின் அடியில் தெளிவான ஒரு முறிவு, அதற்கு அப்பால் கிட்டத்தட்ட சமதளம், கால் வைத்தால் புதையும் சேற்றுமணல். சலித்துப் பார்த்தால் அதே இடத்து மணல் ஒரு பருவத்தில் பருமனாகவும் இன்னொரு பருவத்தில் மெல்லியதாகவும் வருகிறது, மழைக்குப் பின் மேலே சேற்றுப் படலம் வேறு.

இது கழிமுகக் கரைகளுக்கே உரிய நடத்தையா, இல்லை என் இடத்துக்கு மட்டும் உள்ள விசித்திரமா? மணல் பருமன் மாறுவதை எதோடு இணைத்துப் பார்க்க வேண்டும்? எப்போது, எங்கே அளந்தால் இது சரியாகப் பிடிபடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓதக்கணக்கு:

விசித்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதை மட்டும் படித்தாலே இது கழிமுகக் கரை என்று சொல்லிவிடலாம். அந்தச் சரிவு, முறிவு, அதற்கு அப்பால் நீங்கள் சமதளம் என்று சொன்ன தட்டு, மூன்றும் சேர்ந்ததுதான் இந்தக் கரைகளின் அடையாளம்.

புத்தகத்தில் நீங்கள் படித்த சுழற்சி பெருங்கடல் அலையை நம்பி நடப்பது. தொலைதூரத்தில் எழுந்து வரும் அலைக்கு 10 வினாடி அலைநேரம் (ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரம்) என்று வையுங்கள். ஆழமான நீரில் அலைநீளம் 1.56 பெருக்கல் அலைநேரத்தின் வர்க்கம், அதாவது 156 மீட்டர். அலையின் அசைவு அலைநீளத்தில் பாதி ஆழம்வரை எட்டும் என்பதால் 78 மீட்டர் ஆழத்திலேயே அது அடித்தரையை உணரத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கடலுக்குள் போன மணலை அமைதியான பருவத்தில் மெல்லத் தள்ளித் தள்ளிக் கரைக்கே கொண்டுவர முடிகிறது. கழிமுகத்துக்குள் வீசும் காற்று அங்கேயே எழுப்பும் அலைக்கு 2, 3 வினாடிதான் அலைநேரம். 3 வினாடி அலையின் நீளம் 14 மீட்டர், அது எட்டும் ஆழம் 7 மீட்டர், அதிலும் மணலை உண்மையாக நகர்த்துகிற வலு கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் மட்டுமே இருக்கும். ஆக, முறிவைத் தாண்டித் தட்டின் மேல் தூரமாகப் போய்விட்ட மணலைத் திரும்ப அழைத்துவர ஆளில்லை. முறிவை ஒட்டியே படிந்த மணல் சிறிய அலைகளில் மறுபடி மேலே ஏறிவிடும், அது உண்மை. அதற்கு அப்பால் போனது நெடுங்காலம் அங்கேயே கிடக்கும். அதனால் ஒரு பெரும்புயல் செதுக்கிய வடிவத்தை நீங்கள் இன்றைய பருவத்தின் வடிவம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கே நிறைய உண்டு. குறைந்த ஆற்றல் கொண்ட கரைகளைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது காற்றின் திசை. அலை எவ்வளவு பெரிதாக எழும் என்பது காற்று எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் ஓடி வருகிறது என்பதைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று 5 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடந்து வந்தால் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு மீட்டர் உயர அலை, அலைநேரம் 2 வினாடியைக் கொஞ்சம் தாண்டும். அதே காற்று 20 கிலோமீட்டர் ஓடி வந்தால் உயரம் இரட்டிப்பாகும், ஆற்றல் நான்கு மடங்காகும். கழிமுகம் என்பது பெரும்பாலும் நீளவாக்கில் கிடக்கும் ஒடுக்கமான நீர். காற்று கொஞ்சம் திசை திரும்பினாலே அது ஓடிவரும் தூரம் 2 கிலோமீட்டரிலிருந்து 20க்குத் தாவிவிடும். திறந்த கடற்கரையில் இப்படி நடக்காது. அப்புறம், அலைநேரம் குறைவாக இருப்பதால் அலை கரையை நெருங்கும்போது அவ்வளவாக வளையாது, சாய்வாகவே வந்து மோதும். சாய்வாக மோதும் அலை மணலைக் கரையோரமாகத் தள்ளும். உங்கள் கரை முன்னும் பின்னும் மூச்சுவிடவில்லை, பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சதுப்பும் அடைத்துக்கொண்டிருப்பதால் மணல் வெளியே போக வழியில்லாமல் இரு முனைகளுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது.

சாய்வு ஏன் மாறவில்லை என்றால், சரிவில் வேலை நடப்பது ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறியிருக்கும்போது மட்டும். வற்றியிருக்கும் நேரத்தில் அலை அகலமான தட்டின் மேலேயே தேய்ந்து செத்துப்போகும். நீர் மட்டம் சரிவின் மேல் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு மட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மணல் எடுபடுகிறது, அதனால் சரிவு முழுவதும் அதே சாய்வோடு பின்வாங்குகிறது. காற்று பலமாக அடித்தது, கரைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று நீங்கள் சில நாள்களில் குழம்பியிருக்கலாம். அது வற்றத்தில் அடித்த காற்றாக இருந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோத நேரத்தில் அடிக்கும் நடுத்தரக் காற்று செய்கிற வேலையை அட்டமியை ஒட்டிய சிற்றோதத்தில் அடிக்கும் பலத்த காற்று செய்யாது. என்னைக் கேட்டால் காற்றின் திசையையும் நீர் மட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்காத எந்தக் கழிமுகக் கரை ஆய்வையும் நம்பத் தயங்குவேன்.


வண்டல்வாசி:

மேலே உள்ளவர் வடிவத்தைப் பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் காற்றே எல்லாம் என்பதுபோல் ஒரு தொனி வருகிறது, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கழிமுகம் என்றால் ஆறும் இருக்கிறது. மணல் பருமன் மாறுவதற்குக் காற்றை மட்டும் காரணம் சொன்னால் பாதிக் கதை போய்விடும்.

சேற்றுப் படலத்திலிருந்தே தொடங்குவோம். 0.2 மில்லிமீட்டர் மணல் வினாடிக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும், 2 மீட்டர் ஆழ நீரில் ஒன்றரை இரண்டு நிமிடத்தில் தரை தொட்டுவிடும். 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு அதே 2 மீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளோ தனியாக இறங்க 6 நாள் எடுக்கும். ஓதம் திரும்பும்போது நீர் அசையாமல் நிற்பது சிறிது நேரம்தான், அதற்குள் களிமண் படியவே முடியாது என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் படிகிறது. ஏனென்றால் ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன, அந்தத் திரள்கள் பல மடங்கு வேகமாக இறங்குகின்றன. கழிமுகத்தில் மிகக் கலங்கலான ஒரு பகுதி உண்டாவது இந்த உப்பு எல்லையை ஒட்டித்தான். ஆற்றில் நீர் குறைவான பருவத்தில் அந்தப் பகுதி மேலே உள்நோக்கிப் போகும், வெள்ளப் பருவத்தில் வாயை நோக்கித் தள்ளப்படும். உங்கள் கரை அது வந்துபோகும் வழியில் இருந்தால், காற்றே அடிக்காவிட்டாலும் தட்டின் மேல் பருவத்துக்கு ஒரு முறை சேறு படியும். மழைக்குப் பின் படலம் என்று நீங்கள் எழுதியது அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு.

சரிவின் மணல் பருமனாவது வேறு கதை. காற்றுப் பருவத்தில் அலைகள் மெல்லிய மணலைப் பிரித்தெடுத்துத் தட்டுக்கோ கரையோரமாகவோ கொண்டுபோய்விடுகின்றன, தூக்க முடியாத பருமனான மணலும் சிப்பி உடைசலும் சிறுகல்லும் மேலே எஞ்சுகின்றன. எஞ்சிய அந்த அடுக்கு அடியில் இருக்கும் மெல்லிய மணலை மூடிக் காக்கிறது. மேற்பரப்பை மட்டும் சுரண்டி எடுத்தால் கரையே பருமனாகிவிட்டதுபோல் தெரியும், ஒரு கை ஆழம் தோண்டினால் பழைய மணல் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுங்கள், தயவுசெய்து ஒரே பையில் கலக்காதீர்கள். மேற்பரப்பு மாதிரி கடைசியாக வந்த அலைகளைச் சொல்லும். அடி மாதிரி கரை எதனால் ஆனது என்பதைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் விளக்கமே தடம் மாறிவிடும்.

கருமணல் கோடுகள் தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட், மேக்னடைட் போன்றவற்றுக்கு 4.7க்கு மேல். அலை மணலை அரித்துப் போகும்போது இலேசான குவார்ட்ஸ் போய்விட, கனமான இவை பின்தங்கிக் கோடாக நிற்கும். அரிப்பு நடந்த மட்டத்தை எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே பார்த்துவிடலாம். உங்கள் ஆற்றுப் படுகையின் பாறைகளில் இந்தக் கனிமங்கள் இருந்தால்தான் இது தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் விட்டுவிடுவது உயிர்களை. வெயிலும் அமைதியும் உள்ள பருவத்தில் தட்டின் மேல் நுண்பாசிகள், முக்கியமாக டயட்டம்கள், பழுப்பு நிறப் படலமாக வளரும். அவை சுரக்கும் பிசுபிசுப்பான பொருள் துகள்களை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் அதே நீரோட்டம் அதே மண்ணை அரிக்கத் திணறும். பாசி அழியும் பருவத்தில், அல்லது நண்டும் புழுவும் கிளறிப் போட்ட இடத்தில், எளிதாக அரிபடும். துகளின் அளவு மாறவில்லை, அலை மாறவில்லை, ஆனாலும் நடத்தை மாறுகிறது. சல்லடை இதைக் காட்டாது, கண்தான் காட்டும். ஒவ்வொரு முறையும் தட்டின் நிறத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்.


குச்சிக்காரன்:

அளவெடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். எமரி என்ற ஆய்வாளர் 1961இல் எழுதிய இரண்டு குச்சி முறை இன்றும் பலர் பயன்படுத்துவது: இரண்டு அளவுக்குச்சிகள், தொடுவானத்தை நேர்கோடாக வைத்துப் பார்த்து உயர வேறுபாட்டைக் குறிப்பது. கழிமுகத்துக்குள் அது அப்படியே எடுபடாது. எதிரே தெரிவது தொடுவானம் இல்லை, அக்கரை. அக்கரையின் நீர்க்கோட்டைத் தொடுவானமாக நினைத்து எடுத்தால் ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேர்ந்து கீழே போகப் போகப் பெரிதாகும். குச்சிகளுக்கு நடுவே கயிறு கட்டி அதில் நீர்மட்டக் குமிழ் தொங்கவிட்டு எடுங்கள், அல்லது ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பாருங்கள். உங்கள் துறையில் ஆர்டிகே ஜிபிஎஸ் (சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும் ஜிபிஎஸ்) கிடைத்தால் மிக நல்லது. எதுவானாலும் கரைக்குப் பின்னால் அசையாத ஒரு குறி வேண்டும். மரத்தில் அடித்த ஆணியை நம்பாதீர்கள், பாறையிலோ கான்கிரீட்டிலோ வையுங்கள்.

குறுக்குவெட்டை முறிவோடு நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேர் சேறு தொடங்கியதும் திரும்பிவிடுகிறார்கள், கரையிலிருந்து போன மணல் எங்கே படிந்தது என்ற கேள்விக்குப் பதிலே முறிவுக்கு அப்பாலுள்ள அந்தச் சில மீட்டரில்தான் இருக்கிறது. பேரோத நாளின் வற்றத்தில் போனால் தட்டு அதிகம் வெளியே தெரியும். அகலமான பலகையை மிதித்து நடந்தால் புதையாது. ஓதம் திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவிட்டு இறங்குங்கள், தட்டையான இடத்தில் நீர் நினைப்பதைவிட வேகமாக ஏறும், தனியாகப் போகவே கூடாது.

ஒரு ஓதத்தில் மணல் எவ்வளவு ஆழம் கிளறப்படுகிறது என்று தெரிய எளிய வழி உண்டு. மெல்லிய கம்பியை மணலில் ஆழமாக இறக்கி, அதில் தளர்வான ஒரு வாஷரைக் கோத்து மணல் மேல் வையுங்கள். அலை மணலை எடுக்கும்போது வாஷர் கீழே இறங்கும், பிறகு மணல் மேலே படியும். அடுத்த வற்றத்தில் வந்து கம்பியின் உச்சியிலிருந்து வாஷர்வரை ஓர் அளவு, மணல் மட்டம்வரை ஓர் அளவு. முதலாவது எவ்வளவு ஆழம் கிளறியது என்பதையும் இரண்டாவது கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடும். சிறிய அலை உள்ள கரையில் சாதாரண நாளில் இது சில சென்டிமீட்டர்தான் இருக்கும். மேற்பரப்பு மாதிரியை எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

செயற்கைக்கோள் படத்தில் கரைக்கோடு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். உங்கள் சரிவின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். அதோடு ஓதம் வேறு. பத்துக்கு ஒன்று சாய்வுள்ள சரிவில் நீர் மட்டம் 1 மீட்டர் மாறினால் நீர்க்கோடு 10 மீட்டர் நகரும், நூற்றுக்கு ஒன்று சாய்வுள்ள தட்டில் 100 மீட்டர் நகரும். வேறு வேறு ஓத நிலையில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பருவ மாற்றம் என்று சொன்னால் அது ஓதத்தின் படம்தான். பல ஆண்டுப் போக்கு பார்க்கப் படங்கள் உதவும், பருவ மாற்றத்துக்கு நிலையான ஓரிடத்திலிருந்து தரையில் எடுக்கும் புகைப்படமே மேல்.


கரைக்கோடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு விஷயம் இன்னும் தெளிவாக வேண்டும். ஒன்று, என் வழிகாட்டி மாதவாரியாகப் பருவங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சராசரி போடச் சொல்கிறார், மேலே சொன்னதைப் படித்தால் அது சரியாக வருமா என்று யோசனையாக இருக்கிறது. இன்னொன்று, கரைக்கு எதிரே படகுத்துறைக்குப் போகும் பயணிகள் படகுகளின் வழி இருக்கிறது. காற்றே இல்லாத நாளில்கூட அவை போனபின் கரையில் அலை அடிக்கிறது, தண்ணீர் கலங்குகிறது. இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா, அல்லது சின்ன விஷயம் என்று விடலாமா?


ஓதக்கணக்கு:

முதலில் வண்டல்வாசி சொன்னதுக்கு: சரிதான், மணிப் பருமன் என்று வரும்போது ஆற்றை ஒதுக்க முடியாது. சரிவின் வடிவத்தைக் காற்றும் நீர்மட்டமும் பார்த்துக்கொள்கின்றன, தட்டின் மேற்பரப்பில் ஆற்றின் பங்கு பெரியது என்று பிரித்துச் சொல்வேன்.

சராசரி விஷயத்தில் உங்கள் யோசனை நியாயமானது. உங்கள் கரையில் ஒரு முனை இழப்பதை மறுமுனை பெறுகிறது. எல்லாக் குறுக்குவெட்டுக் கோடுகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மாற்றமே இல்லை என்று வரும். இருக்கும் பெரிய மாற்றத்தை நீங்களே மறைத்ததாகிவிடும். ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் ஒரு மீட்டர் கரைக்கு எத்தனை கன மீட்டர் மணல் என்று தனியாகக் கணக்கிடுங்கள், முனை முனையாக வரையுங்கள். அதன்பின் கோடுகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி மொத்தத்தையும் கூட்டுங்கள். மொத்தம் மாறாமல் முனைகள் மட்டும் மாறினால் மணல் இடம் மாறியிருக்கிறது, மொத்தமே குறைந்தால் மணல் வெளியேறியிருக்கிறது. கரையைக் காப்பாற்றச் சுவர் கட்டலாமா வேண்டாமா என்று யாராவது முடிவெடுக்க வேண்டி வந்தால் இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாமே நிற்கும். தற்காலிகமாக ஒடுங்கிய முனையைப் பார்த்துப் பயந்து கல் கொட்டினால், திரும்பி வர வேண்டிய மணலுக்கும் வழி அடைபடும், கல்லில் மோதித் திரும்பும் அலை எதிரே உள்ள மணலையும் கிளறும். இப்படித் தேவையில்லாமல் பலியான சிறு கரைகள் ஏராளம். எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

பருவத்தை மாதத்தால் பிரிக்காமல் காற்றால் பிரிக்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் மணிவாரிக் காற்றுத் தரவை எடுத்து, கரைக்கு நீளமான நீர்ப்பரப்பு உள்ள திசைகளிலிருந்து, நீர்மட்டம் சரிவை எட்டியிருந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் காற்று அடித்தது என்று இரண்டு அளவீடுகளுக்கு இடையே கூட்டுங்கள். அந்த எண்ணை மணல் மாற்றத்தோடு ஒப்பிட்டால் மாதப் பெயரைவிட எவ்வளவோ பேசும்.

படகு அலையைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். படகு எழுப்பும் அலையின் அலைநேரம் படகின் வேகத்தைப் பொறுத்தது. ஆழமான நீரில் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் படகின் அலைக்கு 5 முதல் 6 வினாடி வரும். உங்கள் காற்றலையோ 2, 3 வினாடி. 5 வினாடி அலையின் நீளம் 39 மீட்டர், எட்டும் ஆழம் 19 மீட்டருக்கு மேல், காற்றலை தொடாத இடத்தையும் அது தொட்டுவிடும். மெதுவாகப் போகும் படகென்றால் இந்தக் கவலை பெரிதில்லை. எந்தப் பருவத்தில் படகுகள் அதிகம் ஓடுகின்றன, எந்த ஓத நிலையில் ஓடுகின்றன என்று பாருங்கள். காற்று அமைதியான பருவமே பயணிகள் அதிகம் வரும் பருவமாக இருந்தால், இயற்கையான பருவ மாற்றம் என்று நீங்கள் எழுதப்போவதில் ஒரு பகுதி படகு அட்டவணையாக இருக்கும்.


நீர்முள்ளி:

நான் உயிரியல் பக்கம், மணலை அளப்பவள் இல்லை. ஆனால் கரையின் பருவ வடிவம் யாருக்கு முக்கியம் என்று சொல்லத் தோன்றியது.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடா ஒரு பெரிய கழிமுகம். அதன் சிறிய மணற்கரைகளில் மே, ஜூன் மாதங்களில் குதிரைலாட நண்டுகள் பெருங்கூட்டமாக வந்து முட்டையிடும், அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்ற ஓதங்களில் மிக அதிகம். முட்டைகள் மணலுக்குள் ஏறக்குறைய 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். மேலெழும் முட்டைகளைத் தின்றுதான் ஆர்க்டிக் பகுதிக்குப் போகும் வழியில் உள்ளான் வகைப் பறவைகள் உடல் எடையைத் தேற்றிக்கொள்கின்றன. இப்போது இதை ஓதக்கணக்கு சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கரையில் மணல் கனம் போதாமல் அடியிலுள்ள பழைய சதுப்பின் கரிமச் சேறு வெளியே தெரிந்தால், அங்கே காற்றோட்டம் இல்லாததால் முட்டை தேறாது. மணல் மெல்லியதாகிச் சேறு கலந்தாலும் நீர் வடிவது குறையும், அதுவும் கேடுதான். 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி நியூ ஜெர்சிப் பக்கத்துக் கரைகளின் மணலை அள்ளிக்கொண்டு போனபோது, அடுத்த வசந்தத்தில் நண்டுகள் வருவதற்கு முன் மணல் கொட்டிச் சீரமைத்தாக வேண்டும் என்று ஓடி ஓடி வேலை செய்தார்கள். அந்த மணல் தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க முடியாத கரைகள் அவை.

உங்கள் கரையில் எந்த உயிர் எந்த மாதத்தில் முட்டையிடுகிறது, எந்த மட்டத்தில் இடுகிறது என்று உள்ளூர் மீனவர்களிடம் கேளுங்கள். திட்டப்பணியில் ஒரு பத்தி அதற்கும் ஒதுக்கினால் உங்கள் குறுக்குவெட்டுகளைப் படிக்க இன்னும் பல பேர் வருவார்கள். கம்பியையும் வாஷரையும் முட்டையிடும் இடத்தில் அந்த நாள்களில் இறக்க வேண்டாம்.


குச்சிக்காரன்:

ஒன்று கேட்க விட்டுப்போனது. உங்கள் கழிமுகத்தின் வாய் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறதா? ஆற்றில் நீர் குறையும் பருவத்தில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும் கழிமுகங்கள் உண்டு. அப்படியானால் உள்ளே ஓதமே நின்றுபோகும், நீர் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்கும். அலை அந்த ஒரே மட்டத்தில் தொடர்ந்து மோதிச் சரிவில் செங்குத்தான வெட்டு ஒன்றை உண்டாக்கும், வாய் உடைத்துக்கொண்டு திறந்ததும் அந்த வெட்டு மேலே உயரத்தில் தனியாக நிற்கும். அதைப் புயல் வெட்டு என்று நினைத்துவிடுவது எளிது.


கரைக்கோடு:

முழுவதும் அடைபடுவதில்லை. ஆனால் நீர் குறைந்த மாதங்களில் வாய் நன்றாகக் குறுகிவிடும், மணல்நாக்கு நீண்டு வரும். அது உள்ளே இருக்கும் என் கரையைப் பாதிக்குமா? ஓத நேரங்களைத் துறைமுகத்தின் அட்டவணையிலிருந்துதான் எடுக்கிறேன்.


குச்சிக்காரன்:

பாதிக்கும். வாய் குறுகினால் உள்ளே ஓத ஏற்றத்தாழ்வு சுருங்கும், ஏற்றமும் வற்றமும் வெளியே நடப்பதைவிடத் தாமதமாக வரும், வாய் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு அதிகமாக. ஆக அந்த மாதங்களில் அலை வேலை செய்யும் பகுதியே சரிவில் ஒடுங்கிவிடுகிறது. துறைமுக அட்டவணை இதைக் காட்டாது. நீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைப் பதியும் அழுத்தமானிக் கருவி ஒன்றை உங்கள் கரைக்கு நேர் எதிரே, பேரோத வற்றத்திலும் நீருக்குள் இருக்கும் இடத்தில், கம்பத்தில் கட்டிவிடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். காற்றழுத்தத்தைக் கழிக்க வேண்டும், அதற்கு வானிலை நிலையத் தரவே போதுமானது. கருவி கிடைக்கும்வரை அளவுகோல் கம்பம் ஒன்றை நட்டு, நீங்கள் போகும் நாள்களிலாவது ஏற்றம் உச்சம் தொடும் நேரத்தையும் மட்டத்தையும் எழுதி வையுங்கள். ஓதக்கணக்கு சொன்ன காற்று மணி நேரக் கணக்கை இந்த மட்டத்தை வைத்துப் போடுங்கள்.